திரையில் கூப்பிட்ட பெயர்

செப்டம்பர் 10

ஆசிரியர் தினம். மேஜைமேல் ஒரு பை பேரிக்காய் இருந்தது. யார் வைத்தது என்று கேட்டால் எல்லோரும் சன்னலைப் பார்க்கிறார்கள். சந்தோஷம்தான்.

எட்டு மணிக்குச் சுவர்த்திரையைப் போட்டேன். தலைநகர்ப் பள்ளியில் ஃபாங் சாருக்கு அவருடைய மாணவர்கள் பூங்கொத்து கொடுத்துப் பாட்டுப் பாடினார்கள். வழக்கம்போல அவரும் கரும்பலகையும் மட்டும்தான் தெரிந்தன. அந்தப் பிள்ளைகளை நாங்கள் பார்த்ததே இல்லை, குரல் மட்டும் கேட்கும். பாட்டு தொடங்கியதும் என் வகுப்பும் எழுந்து நின்றது. ஐம்பத்தெட்டு பேரும் திரையைப் பார்த்துக் கூடவே பாடினார்கள். ஃபாங் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இங்கேயும் இரண்டு மூன்று பேர் துடைத்துக்கொண்டார்கள்.

நான் ரிமோட்டும் கையுமாகத் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 13

மழை. மலை தெரியவில்லை, பள்ளி வாசல்கூடத் தெரியவில்லை.

திரை வந்து ஒரு வருஷம் ஆகிறது. அதற்குமுன் பதினோரு வருஷம் இதே வகுப்பறையில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது ஃபாங் சார் சொல்லிக்கொடுக்கிறார், நேரலையில், இதேபோல மலைக்குள் இருக்கும் இன்னும் எத்தனையோ பள்ளிகளுக்கும். நாங்கள் அவரைப் பார்க்கலாம், கேட்கலாம். அவருக்கு நாங்கள் தெரியமாட்டோம். என் வேலை சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது, அவர் வேகத்தில் தவறியவர்களை மாலையில் பொறுக்கிச் சேர்ப்பது. போன வருஷம் முதல் மாதம் பாதி வகுப்பு அழுதது. இப்போது யாரும் அழுவதில்லை. மாலையில் என்னிடம் சந்தேகம் கேட்பதும் நின்றுபோய்விட்டது.

இரவுச் சாப்பாட்டில் என் கணவர் தெஷெங் புளிச்சாற்றில் மீனைக் கிளறிக்கொண்டே கேட்டார்: "நீ யாரு மாதிரி பேசுற?"

"யாரு மாதிரி?"

"'சரி. அடுத்தது'ங்கற. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல நீ இப்படிச் சொன்னதே இல்ல."

ஃபாங் சார் சொல்வது அது. எனக்குத் தெரியவே இல்லை.

செப்டம்பர் 18

இன்று நடந்ததை எழுதி வைக்க வேண்டும்.

இந்த வருஷம் தலைநகரில் வகுப்புகளைக் கலைத்துப் பிரித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. ஃபாங் சார் புதுப் பெயர்களாகக் கூப்பிடுகிறார். இன்று வட்டமும் கோடும். பலகையில் படம் போட்டுவிட்டுக் கேட்டார்: "இந்தக் கோடு வட்டத்தை எங்க தொடும்? வென் ஜிங்."

மூன்றாவது வரிசையில் எங்கள் வென் ஜிங் எழுந்துவிட்டாள்.

வகுப்பு சிரித்தது. எழுந்து வாய் திறந்து பேசி நான் பார்க்காத பெண் அவள். அம்மா தோங்குவான் நகரத்தில், செருப்புத் தொழிற்சாலையில். இவள் விடுதியில். போன தேர்வில் நாற்பத்தொன்று.

"தொடாது சார். பக்கத்துல வரும், ஆனா தொடாது" என்றாள், திரையைப் பார்த்து.

திரையிலிருந்து ஒரு குரலும் வரவில்லை. ஃபாங் சார் சற்றே தலையைச் சாய்த்து, கேட்பவர் போல நின்றார். பிறகு சொன்னார்: "சரி. உட்காரு."

அவள் உட்கார்ந்தாள்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அங்கே இருக்கும் வென் ஜிங் மெல்லச் சொல்லியிருப்பாள், மைக்கில் விழுந்திருக்காது. அவ்வளவுதான். இடைவேளையில் நானே எல்லோருக்கும் அதைச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் மட்டும் ஆட்டவில்லை.

"என்னைத்தான கூப்பிட்டாரு டீச்சர்?"

செப்டம்பர் 21

மறுபடியும். பதில் சரி. "சரி. உட்காரு."

செப்டம்பர் 27

வாரத்தில் மூன்று தடவையாவது கூப்பிடுகிறார். ஒவ்வொரு தடவையும் இவள்தான் எழுகிறாள். அந்தப் பெண்ணின் குரல் இன்றுவரை எங்களுக்குக் கேட்டதில்லை, இருமல் மட்டும் கேட்கும். பெயரைச் சொன்னதும் வறட்டு இருமல் ஒன்று வரும், பிறகு நிசப்தம். அந்த நிசப்தத்துக்குள் இவள் பதிலை வைக்கிறாள், சரியாகப் பொருந்துகிறது.

நிறுத்தச் சொல்லலாம். ஏன் சொல்லவில்லை? இந்த அறையில் ஒரு பிள்ளை வாயைத் திறந்து கணக்கு பேசி எவ்வளவு நாளாயிற்று. அதனால்தான். வேறென்ன.

அக்டோபர் 10

விடுமுறை முடிந்து மாதத் தேர்வுத் தாள் திருத்தினேன். வென் ஜிங் தொண்ணூற்று மூன்று.

இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். காப்பியடிக்க வழியே இல்லை, அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அறுபதைத் தாண்டவில்லை. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்தார்.

"பாத்தீங்களா லோங் டீச்சர், திரை என்னெல்லாம் செய்யுதுன்னு! இந்தப் பொண்ணோட போட்டோவ வாசல்ல மாட்டுறோம்."

அவள் எழுத்து சாய்வாக மாறியிருந்ததை அவரிடம் சொல்லவில்லை. போன வருஷம் உருண்டையாக எழுதுவாள்.

அக்டோபர் 15

இருமுகிறாள்.

அக்டோபர் 16

பள்ளி மருத்துவரிடம் அனுப்பினேன். தொண்டையில் ஒன்றுமில்லையாம், நெஞ்சும் சுத்தமாக இருக்கிறதாம்.

இன்று வகுப்பில் கவனித்தேன். ஃபாங் சார் பெயரைச் சொன்னார், இவள் இருமினாள், அதற்கப்புறம்தான் திரையில் இருமல் கேட்டது.

அக்டோபர் 18

விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருக்கும் சுன்தாவ் வந்தாள். பேச வந்தவள் கதவோரமே நின்றுகொண்டு பின்னலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், எனக்கு வேற ரூம் மாத்திக் கொடுங்க."

"ஏன், சண்டையா?"

"சண்ட போட்டாத்தான் பரவாயில்லையே. அவ என்கூடப் பேசறதே இல்ல. விடிஞ்சதும் எந்திரிச்சு சுவத்தப் பாத்து உக்காந்துக்கறா. பேசறா. கொஞ்சம் பேசி நிறுத்திட்டுக் கேக்கறா. அப்புறம் சிரிக்கறா. பேச்சும் நம்ம ஊருப் பேச்சு இல்ல டீச்சர், தலைநகரப் பேச்சு."

"பாடத்தைச் சொல்லிப் பாக்கறாளா இருக்கும்."

"பாடத்துல 'அம்மா கதவைப் பூட்டிட்டாங்களா'ன்னு வருமா?"

அறையை மாற்றிக் கொடுத்தேன்.

அக்டோபர் 23

குளிர் வந்துவிட்டது. வகுப்பறைக் கண்ணாடியெல்லாம் மூச்சுபட்டு வெளுத்திருக்கிறது. மதியம் எல்லோரும் நூடுல்ஸ் வாங்கப் போயிருந்தார்கள். வென் ஜிங் தனியாகச் சன்னலோரம் நின்று கண்ணாடியில் விரலால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

அவள் பெயரில் இருக்கும் ஜிங் 'அமைதி' என்கிற எழுத்து. வருகைப் பதிவில் தினமும் பார்க்கிறேன். கண்ணாடியில் இருந்தது அது இல்லை. இரண்டின்மேல் ஒன்றாக மூன்று சூரியனை அடுக்கின ஜிங். எங்கள் காதுக்குச் சத்தம் ஒன்றுதான், எழுத்து வேறு, அர்த்தம் வேறு.

"உன் பேரைத் தப்பா எழுதியிருக்கியே?"

"எங்க டீச்சர்?" உண்மையாகவே தேடினாள். "இது சரிதானே."

கண்ணாடியில் எழுத்து ஒழுகி இறங்கிக்கொண்டிருந்தது. என் கையால் துடைத்துவிட்டேன்.

அக்டோபர் 24

என்றைக்காவது மதிப்பெண் பட்டியலைத் திரையில் காட்டியிருப்பார்கள், அதில் பார்த்திருப்பாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

நவம்பர் 6

ஃபாங் சார் கேள்வியைக் கேட்டுவிட்டு, "வென் ஜிங்" என்றார்.

இருமல் இல்லை. திரையிலும் இல்லை, இவளிடமும் இல்லை. இவள் எழுந்து பதில் சொன்னாள். அழகான பதில், என்னாலேயே அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

ஃபாங் சார் காத்திருந்தார். அங்கே யாரோ ஒரு பையன் மெல்ல ஏதோ சொன்னான்.

"ஆமா, அவ இல்லல்ல. மறந்துட்டேன்" என்றார் ஃபாங் சார். "சரி. அடுத்தது."

உட்காரு என்று சொல்லவில்லை. இவள் உட்காரவில்லை. மணி அடிக்கும்வரை நின்றாள். "உக்காரும்மா" என்று நான் இரண்டு தடவை சொன்னேன். என் குரல் அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

நவம்பர் 9

பெயரைக் கூப்பிடுவதே இல்லை இப்போது.

நவம்பர் 12

சாப்பிடவில்லை. முந்தாநாளிலிருந்து வெந்நீர் மட்டும். ஆசிரியர் அறைக்கு அழைத்துவந்து ஒட்டரிசி உருண்டையை உடைத்துக் கையில் கொடுத்தேன். பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

"அவரு ஏன் டீச்சர் என்னைக் கூப்பிட மாட்டேங்கறாரு?"

"அவரு கூப்பிட்டது உன்னை இல்லம்மா. அங்க வேற ஒரு பொண்ணு இருக்கா."

"இருக்காளா?" என்று கேட்டாள். தலைநகரப் பேச்சு. "அப்ப நான் எங்க போயிட்டேன்?"

அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். பின்னால் இயந்திரச் சத்தம். "தொண்ணூத்து மூணு எடுத்தவளுக்கு என்ன டீச்சர் கஷ்டம்?" என்றாள். அப்புறம், "மெலிஞ்சிட்டாளா?" என்று கேட்டாள். லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். கிடைக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நவம்பர் 14

இதை முன்பே செய்திருக்க வேண்டும். ஒளிபரப்பு அறுந்தால் கூப்பிடச் சொல்லி ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள், தலைநகர்ப் பள்ளி அலுவலகம். கூப்பிட்டேன்.

"படம் வரலையா, சத்தம் வரலையா?" ஒரு இளைஞன்.

"ரெண்டும் வருது. ஃபாங் சார் வகுப்புல வென் ஜிங்னு ஒரு பொண்ணு. அவளுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"நீங்க அவளுக்கு உறவா?"

"இல்ல. தினமும் கேக்கறோம்."

"எதைக் கேக்கறீங்க?"

"அவ இருமறதை."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம். பிறகு தாழ்ந்த குரலில், "பிள்ளைங்க சத்தம்கூடவா அங்க வருது?" என்றான்.

என் எண்ணை வாங்கிக்கொண்டான்.

நவம்பர் 15

ஃபாங் சாரே கூப்பிட்டார். மதியம், நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "ஃபாங் பேசறேன்" என்றதும் கையில் இருந்த சட்டையோடு நிமிர்ந்து நின்றுவிட்டேன், வகுப்பில் நிற்பதுபோல. போனில் அவர் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். எங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்றார். "ஐம்பத்தெட்டு" என்றதும், "என் எதிர்ல உக்காந்திருக்கறதை விட அதிகம்" என்றார்.

பிறகு சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவளுக்கு நோய் ஒண்ணும் இல்ல டீச்சர். அவ இருமறது பயத்துல. பள்ளிக்கூடம் வர மாட்டேங்கறா. ரூமுக்குள்ளயே இருக்கா. அவ அம்மா பயந்துபோய் வெளியில பூட்டு போட்டுட்டுத்தான் வேலைக்குப் போறாங்க. ஏம்மா வரலைன்னு கேட்டா ஒண்ணே ஒண்ணுதான் சொல்றா. 'நான் வாயைத் திறக்கறதுக்குள்ள யாரோ என் பதிலைச் சொல்லிடறாங்க. எனக்கு நல்லாக் கேக்குது. எனக்குச் சொல்ல ஒண்ணும் மிச்சம் இல்ல'ங்கறா. டாக்டர்கிட்ட காட்டினோம். மாத்திரை கொடுத்தாரு."

சட்டையிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவ எப்பவுமே ரொம்ப மெதுவாத்தான் பேசுவா" என்றார். "எனக்கே கேக்காது. உதடு அசையறதைப் பாத்துட்டு 'சரி'ன்னுடுவேன். யாரோட பதிலுக்குச் சரின்னு சொன்னேனோ, இப்ப எனக்கே தெரியல."

கடைசியாகக் கேட்டேன், கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே. "அவ பேர்ல எந்த ஜிங் சார்?"

"மூணு சூரியன். ஏன்?"

நவம்பர் 16

ஒளிபரப்புக் கருவியைப் பார்க்க மாதம் ஒருமுறை வரும் ஆளைத் தேடிப்போய்க் கேட்டேன். இங்கே பேசுவது அங்கே கேட்க வழி உண்டா?

சிரித்தான். "குழாய்ல தண்ணி வீட்டுக்கு வரும் டீச்சர். வீட்டுலேருந்து மேல ஏரிக்குப் போகுமா? இங்க மைக்கே கிடையாதே. நீங்களே பாருங்க."

திரைக்குப் பின்னால் பார்த்தேன். இல்லைதான்.

இன்று முழுக்க வகுப்பில் மூச்சுகூட மெதுவாக விட்டேன்.

நவம்பர் 19

ஃபாங் சார் அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய்விட்டார். இங்கே நான் வென் ஜிங்கை ஹெட்மாஸ்டர் அறையில் உட்கார வைத்தேன், அவர் மாவட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தார். என் போனைப் பூந்தொட்டியில் சாய்த்து வைத்தேன். வீடியோ அழைப்பு.

திரையில் முதலில் ஃபாங் சாரின் சட்டைப் பொத்தான். பிறகு ஒரு கட்டில், திரைச்சீலை, போர்வை போர்த்திய ஒரு பெண். ஒரே முகமாக இருந்துவிடுமோ என்று நான் பயந்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இல்லை. வட்ட முகம், கண்ணாடி, நெற்றியில் பருக்கள். யாரோ ஒரு பிள்ளை. அப்பாடா என்றிருந்தது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

அந்தப் பக்கத்துப் பெண்தான் முதலில் பேசினாள். நிஜமாகவே மெல்லிய குரல்.

"நீதானா?"

"ம்."

"அந்த வட்டம், கோடு. தொடாதுன்னு சொன்னியே."

"சரிதான?"

"சரிதான். நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "எப்பப் பாத்தாலும் நான் சொல்ல இருந்ததையே சொல்ற. உனக்குன்னு எதுவும் தெரியாதா?"

எங்கள் வென் ஜிங்கின் முகம் சிவந்தது. ரொம்ப நாள் கழித்து அவள் முகத்தில் ஒரு நிறம். "தெரியும்! எனக்கு நாற்பத்தொண்ணு வாங்கத் தெரியும்!" என்றாள். எங்கள் ஊருப் பேச்சில், அழுத்தமாக, ஊரே சிரிக்கிற மாதிரி இழுத்து.

அந்தப் பக்கம் போர்வைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ஃபாங் சாரும் அங்கே வெளியே போய்விட்டார் என்று பிறகு சொன்னார். உள்ளே பேச்சு கேட்டது. யார் பேசுகிறார்கள் என்று சில சமயம் தெரிந்தது, சில சமயம் தெரியவில்லை. தெரியாத சமயங்களில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தபோது எங்கள் வென் ஜிங்கின் கண் வீங்கியிருந்தது. "இனிமே எந்திரிக்க மாட்டேன்னு சொன்னேன் டீச்சர்" என்றாள். "அவ அதெல்லாம் வேணாம்ங்கறா. 'எந்திரிக்கணும்னா எந்திரி, உன்னோடதைச் சொல்லு'ங்கறா."

"நீ என்ன சொன்ன?"

"என்னோடது எதுன்னு தேடணும்னு சொன்னேன்."

ஒட்டரிசி உருண்டை இரண்டு சாப்பிட்டாள்.

நவம்பர் 28

திரையில் இருமல் கேட்டது. வந்துவிட்டாள்.

எங்கள் வகுப்பு மொத்தமும் திரும்பி வென் ஜிங்கைப் பார்த்தது. அவள் மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், விரல் வெளுக்க. ஃபாங் சார் அந்தப் பெயரைக் கூப்பிட்டார். காத்திருந்தார். முன்னைவிட அதிக நேரம் காத்திருந்தார். அந்த நிசப்தம் எங்கள் அறை முழுக்க நிரம்பி நின்றது.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்றார்.

சொன்னாள். எங்களுக்கும் கேட்டது.

எங்கள் வென் ஜிங்கின் உதடு அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டிசம்பர் 11

எழுத்து மறுபடி உருண்டையாகிறது. நடுநடுவே ஒரு வரி சாய்கிறது. அழித்துவிட்டு எழுதுகிறாள்.

சுன்தாவ் தானாகவே பழைய அறைக்குத் திரும்பிவிட்டாள். "குறட்டை விடறா டீச்சர், நிம்மதியா இருக்கு" என்கிறாள்.

ஜனவரி 17

பருவத் தேர்வு. அறுபத்தெட்டு.

ஹெட்மாஸ்டர் டீ கொடுக்கவில்லை. "தொண்ணூத்து மூணுலேருந்து அறுபத்தெட்டு! என்ன பண்ணீங்க அந்தப் பொண்ண?" வாசலில் மாட்டிய போட்டோவை எடுக்கச் சொல்லிவிட்டார். அவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நானே ஏறிக் கழற்றினேன்.

ஒவ்வொரு தவறையும் உட்கார்ந்து பார்த்தேன். குறி மாற்றிப் போடுவது, அவசரத்தில் ஒரு வரியைத் தாண்டுவது. போன வருஷமும் அங்கேதான் தடுக்குவாள். தாளில் மேலே பெயர். 'அமைதி'. மைகூடக் கொஞ்சம் தீற்றியிருந்தது.

வீட்டில் தெஷெங்கிடம் அறுபத்தெட்டு என்றேன். "அதுக்கா இவ்வளவு சிரிப்பு?" என்றார்.

பிப்ரவரி 26

வசந்தப் புத்தாண்டு விடுமுறை முடிந்து முதல் வகுப்பு. வென் ஜிங்கின் அம்மா வந்து போயிருக்கிறாள். பெண் புதுச் செருப்பு போட்டிருக்கிறாள், கன்னம் கொஞ்சம் தேறியிருக்கிறது.

எட்டு மணிக்குத் திரையைப் போட்டேன். ஃபாங் சார் முடி வெட்டியிருந்தார். புதுப் பாடம், தொடர்கள். மூன்று வரியில் ஒரு சூத்திரத்தை நிறுவிவிட்டு நான்காவதற்குப் போனார். அங்கே இருக்கும் வென் ஜிங்கைக் கேட்டார். அவள் தெளிவாகப் பதில் சொன்னாள்.

மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. திரையை நோக்கி இல்லை. என்னை நோக்கி.

"டீச்சர், ரெண்டாவது வரி எப்படி மூணாவது வரி ஆச்சுன்னு புரியல. அவரைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"நேரலைம்மா. நிறுத்த முடியாது."

"அப்ப நீங்க சொல்லுங்க."

ஐம்பத்தேழு முகங்கள் என் பக்கம் திரும்பின. அவள் பக்கத்தில் சுன்தாவும் கையைத் தூக்கினாள். அதற்குப் பின்னால் இன்னொருவன். திரையில் ஃபாங் சார் ஐந்தாவது வரிக்குப் போய்விட்டார்.

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். அவர் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மேஜை இழுப்பறையில் சாக்பீஸ் தேடினேன், அடியில் ஒரு துண்டு கிடைத்தது.

"சரி" என்றேன். அடுத்தது என்று சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "ரெண்டாவது வரியப் பாப்போம்" என்றேன்.